குன்றிய வினையும் குன்றா வினையும் – ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு

தமிழ்வழியில் பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது சில பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஒரு பொருளைப் பற்றி விவாதித்ததைச் சொல்ல 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி மேட்டர்' என்று எழுதுவர். அறைக்குள் நுழைந்ததை 'ஹி என்டர்ட் இன்டு தி ரூம்' என்பர். விபத்து நிகழ்ந்ததை 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்' என்பர். சுற்றுலா சென்று மகிழ்ந்து திரும்பியதை 'வீ என்ஜாய்ட்' என்று சொல்லி அத்துடன் நிறுத்திக்கொள்வர். ஆசிரியரும் சிவப்பு மையால் சுழித்து, 'அபௌட் வராது', 'இன்டு வராது' எனத் தனித்தனியே திருத்தித் தருகிறார். மாணவரோ நான்கு பிழைகளையும் நான்கு விதிகளாக மனப்பாடம் செய்கிறார். ஐந்தாவது வந்ததும் மீண்டும் தடுமாறுகிறார்.

இந்நான்கும் வேறுவேறு பிழைகளல்ல. ஒரே மரத்தின் நான்கு கிளைகள். ஆங்கிலத்தில் எவ்வினை செயப்படுபொருளை வேண்டி நிற்கும், எவ்வினை அதனை ஏலாது என்னும் தெளிவு இன்மையே வேர். வேலைக்கான விண்ணப்பமாயினும் நேர்முகத் தேர்வாயினும் இவ்விடறல் மாணவரின் தகுதியைக் குறைத்துக் காட்டிவிடுகிறது. அதனினும் பெரிய இழப்பு, 'எனக்கு ஆங்கிலம் வராது' என்று அவர் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்வது.

இது ஆங்கிலத் துறை பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி அன்றோ, தமிழ்த் துறை மலரில் இதற்கென்ன இடம் எனச் சிலர் வினவலாம். இப்பகுதியைப் பொறுத்தவரை, ஆங்கில இலக்கண நூல்கள் தரும் விளக்கத்தைவிட நம் இலக்கண மரபு தரும் விளக்கமே தெளிவானது என்பது நம் கருத்து. தமிழ் மாணவர் இங்கே வெறுங்கையுடன் நிற்கவில்லை. கையில் இருப்பதை எடுத்துப் பார்க்கத்தான் அவர்க்குக் கற்பிக்கப்படவில்லை.

பெயர் தரும் விளக்கம்

ஆங்கிலத்தில் 'டிரான்சிட்டிவ்', 'இன்டிரான்சிட்டிவ்' என்று வழங்கும் பெயர்கள் இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. 'கடந்து செல்லுதல்' என்பது அவற்றின் அடிச்சொல்லுக்குப் பொருள். செய்பவனிடமிருந்து புறப்பட்ட தொழில் மற்றொரு பொருளின்மேல் கடந்து சென்று படுமாயின் அது டிரான்சிட்டிவ். செய்பவனிடமே நின்றுவிடுமாயின் இன்டிரான்சிட்டிவ். நம் நாட்டுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவரும் ரென் – மார்ட்டின் இலக்கணநூலும் இவ்வாறே விளக்குகிறது. அரபு இலக்கணமும் ஏறத்தாழ இதே உருவகத்தைக் கையாள்கிறது. அங்கே முதல்வகைக்கு 'முதஅத்தீ' என்று பெயர். எல்லையைக் கடப்பது என்பது பொருள். இரண்டாம் வகைக்கு 'லாஸிம்' என்று பெயர். பிரியாது ஒட்டி நிற்பது என்பது பொருள்.

உருவகம் அழகியதே. ஆயினும் அதனை அளவுகோலாக்கினால் இடர்ப்பாடு தோன்றும். 'ஹி ரிசெம்பிள்ஸ் ஹிஸ் ஃபாதர்' என்னும் தொடரில் மகன் தந்தையை ஒத்திருக்கிறான். மகனிடமிருந்து தந்தையின்மேல் கடந்து சென்ற தொழில் யாது? ஒன்றுமில்லை. 'ஐ நோ தி ஆன்சர்' என்று விடையை அறிந்திருப்பவனிடமிருந்து விடைக்கு எதுவும் செல்லவில்லை. எனினும் இவ்விரண்டும் ஐயத்திற்கு இடமின்றி டிரான்சிட்டிவ் வினைகளே. மாறாக, 'ஹி ஷௌட்டட் அட் தி பாய்' என்னும்போது அதட்டல் சிறுவன்மேல் நன்றாகவே பாய்கிறது. ஆயின் 'அட்' என்னும் சொல்லின் துணையின்றி அவ்வினை சிறுவனைத் தொடமாட்டாது. எனவே தொழில் கடக்கிறதா இல்லையா என்று பொருளை மட்டும் எண்ணிப் பார்ப்பவன் பாதி வழியில் ஏமாறுவான்.

நம் மரபு வைத்த பெயரைக் காண்க: செயப்படுபொருள் குன்றிய வினை, செயப்படுபொருள் குன்றா வினை. இப்பெயர் தொழில் எங்கே பாய்கிறது என்று கேட்கவில்லை. தொடரில் செயப்படுபொருளுக்கு இடம் உண்டா, இல்லையா என்று கேட்கிறது. தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தொழில் நிகழ்தற்குரிய எட்டினைக் கூறுமிடத்துச் செய்வதையும் செயப்படுபொருளையும் தனித்தனி உறுப்புகளாக வைத்துள்ளார். நன்னூலாரும் வினை தருவனவற்றுள் செய்பொருளைச் சேர்த்துள்ளார். வினையைத் தனிச்சொல்லாகப் பாராமல் அது தன்னுடன் அழைத்து வரும் சுற்றத்தோடு பார்க்கும் பார்வை இது.

இதே பார்வையைத்தான் பிற்காலத்தில் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தவர்களும் வந்தடைந்தனர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பி என்பவர் தம் குழுவினருடன் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. சொல்லின் பொருளைச் சொல்வதோடு நில்லாமல், ஒவ்வொரு வினையும் எவ்வகைத் தொடரில் அமையும் என்பதையும் 25 அமைப்புகளாகப் பகுத்து அவ்வகராதி காட்டியது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதனை வெளியிட, அதன் வழித்தோன்றலே இன்று நம் மாணவர் கைகளில் தவழும் கற்போர் அகராதி. பொருள் தெரிந்தும் தொடர் அமைக்கத் தெரியாமை நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று என்பதற்கு இவ்வரலாறே சான்று.

'ஐ' என்னும் உரைகல்

வினையை நோக்கி 'யாரை?', 'எதை?' என வினவுக. விடை கிடைப்பின் அது குன்றா வினை என்று வகுப்பறையில் சொல்வது வழக்கம். ஆங்கிலத்தில் இவ்வினாவை 'வாட்', 'ஹூம்' என்று கேட்கச் சொல்வர். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'ஷி பிகேம் எ டாக்டர்' என்னும் தொடரில் 'வாட்' என்று கேட்டால் 'டாக்டர்' என்று விடை வரும். உடனே மாணவர் அதனைச் செயப்படுபொருள் எனக் குறித்துவிடுவார். 'ஹி வாக்ட் டென் மைல்ஸ்' என்பதிலும் வினையின் பின்னே ஒரு பெயர் நிற்பது கண்டு மயங்குவார்.

தமிழ் மாணவர்க்கு இவ்விடத்தில் ஆங்கில மாணவர்க்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' அவர் செவியிலேயே இருக்கிறது. 'மருத்துவர் ஆனாள்' என்பதில் 'ஐ' சேர்த்து 'மருத்துவரை ஆனாள்' என்று சொல்லிப் பார்க்கட்டும், நா மறுக்கும். 'பத்து மைலை நடந்தான்' என்பதும் ஒட்டாது. முன்னையது எழுவாயை நிரப்பும் சொல். பின்னையது தொலைவின் அளவு. இரண்டும் செயப்படுபொருள் அல்ல. மாறாக 'மரம் வெட்டினான்' என்பதில் உருபு கண்ணுக்குத் தெரியாவிடினும் 'மரத்தை வெட்டினான்' என விரிக்க இடமுண்டு. இரண்டாம் வேற்றுமைத் தொகை என நாம் பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான்.

செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்ப்பது மற்றொரு சோதனை. 'தி லெட்டர் வாஸ் ரிட்டன்' என்று சொல்லலாம்; 'எ டாக்டர் வாஸ் பிகம்' என்று சொல்ல இயலாது. பெரும்பாலும் இது கைகொடுக்கும். எனினும் 'ஹேவ்', 'லேக்', முன்னர்க் கண்ட 'ரிசெம்பிள்' போன்ற சில வினைகள் செயப்படுபொருளைப் பெற்றும் செயப்பாட்டு வடிவை ஏற்பதில்லை. ஆகவே இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளற்க.

செவி ஏமாற்றும் இடங்கள்

'ஐ' என்னும் உரைகல் பொன்னைக் காட்டும். ஆயின் இருமொழியும் பிரியும் இடத்தில் அது பொய்க்கும். நம் மாணவர் இடறுவது பெரும்பாலும் அவ்விடங்களிலேயே.

தமிழில் 'அறைக்குள்' நுழைகிறோம்; ஆங்கிலத்தில் அறையையே 'என்டர்' செய்கிறோம். (ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு மட்டும் அவ்வினை 'இன்டு' என்பதை உடன் அழைத்துக்கொள்ளும்.) தமிழில் பொருளைப் 'பற்றி' விவாதிக்கிறோம், 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குள் அந்தப் 'பற்றி' ஏற்கெனவே அடங்கிவிட்டது. கேள்விக்கு விடையளிக்கிறோம்; 'ஆன்சர்' கேள்வியை நேரே பற்றிக்கொள்ளும். பகைவர்மீது தாக்குதல் தொடுக்கிறோம். 'அட்டாக்' என்பதற்கு 'ஆன்' வேண்டா. தந்தையைப் போல் இருக்கிறான் என்பதைச் சொல்ல 'ரிசெம்பிள்' போதும், 'லைக்' மிகை. இவற்றிலெல்லாம் தமிழின் உருபையோ சொல்லுருபையோ மாணவர் ஆங்கிலத்திற்குள் சுமந்து செல்கிறார். அறியாமையால் அன்று, தம் மொழிக்கு உண்மையாக இருப்பதால் நேரும் பிழை இது எனலாம்.

எதிர்த்திசையிலும் இடறல் உண்டு. படத்தைப் பார்க்கிறோம், உரையைக் கேட்கிறோம். தமிழில் 'ஐ' தெளிவாக நிற்கிறது. அதனால் 'லுக் தி பிக்சர்', 'லிசன் தி ஸ்பீச்' என்று எழுதிவிடுகின்றனர். 'லுக்' என்பதற்கு 'அட்' வேண்டும். 'லிசன்' என்பதற்கு 'டு' வேண்டும். அரபு இலக்கணிகள் இவ்வகையை நுட்பமாக உணர்ந்து, முன்னிடைச் சொல்லின் துணைகொண்டு கடக்கும் வினை எனத் தனியே வகுத்தனர். ஆற்றைத் தானே நீந்திக் கடப்பவனும் உண்டு, பாலத்தின் வழியே கடப்பவனும் உண்டு என்பது போல. நம் கல்லூரிகளில் அரபு மொழியைப் பாடமாக எடுத்த மாணவர் இதனை ஆங்கில வகுப்பிலும் நினைவு கூர்ந்தால் பயன் மிகும்.

பாலம் இருப்பதும் இல்லாததும் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு 'ஸர்ச்' என்னும் வினை தக்க சான்று. தமிழில் சாவியைத் தேடுகிறோம். எனவே 'ஹி ஸர்ச்ட் தி கீ' என்று எழுதுகிறார் மாணவர். ஆங்கிலத்தில் அவ்வினைக்குச் செயப்படுபொருளாக வருவது காணாமற்போன பொருளன்று, துழாவப்படும் இடம். அறையை 'ஸர்ச்' செய்கிறோம். சாவிக்கு 'ஃபார்' வேண்டும். 'தி போலீஸ் ஸர்ச்ட் தி மேன்' என்றால் காவலர் அம்மனிதரை நிறுத்தி அவர் உடைமைகளைச் சோதனையிட்டனர் என்பது பொருள். 'தி போலீஸ் ஸர்ச்ட் ஃபார் தி மேன்' என்றால் ஆளைக் காணாமல் தேடினர் என்பது பொருள். முதல் தொடரில் மனிதர் காவலர் முன் நிற்கிறார். இரண்டாவதில் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஒரு சிறு இடைச்சொல் செய்யும் வேலை இது. வழக்கு மன்றத்துக்குச் செல்லும் ஆவணத்தில் இச்சொல் விடுபட்டால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'என்ஜாய்' கதை வேறு. தமிழ், செயப்படுபொருளைத் தாராளமாக மறைத்துவைக்கும் மொழி. 'புத்தகத்தைப் படித்தாயா?' என்று கேட்டால் 'படித்தேன்' என்றால் போதும்; புத்தகம் தானே பெறப்படும். ஆங்கிலமும் சில வினைகளில் இதற்கு இடம் தரும். ஆயின் வினைக்கு வினை அதன் மனம் வேறுபடும். உண்ணும் தொழிலைக் குறிக்கும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். 'ஈட்' என்பதற்குச் செயப்படுபொருள் இருக்கலாம், மறையலாம். 'டிவவர்' என்பதற்குக் கட்டாயம் இருந்தாக வேண்டும். வெறுமனே 'ஹி டிவவர்ட்' என்றால் ஆங்கிலேயர் 'எதை?' என்று காத்திருப்பார். 'டைன்' என்பதோ பெரும்பாலும் உணவின் பெயரை நேரே ஏற்பதில்லை. தொழில் ஒன்றே, வாய் ஒன்றே, சோறும் ஒன்றே, இலக்கணம் மூன்று. பொருளை மட்டும் கொண்டு வினையின் வகையைத் துணிய இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. 'என்ஜாய்', 'லைக்' ஆகிய இரண்டும் பொதுவாக 'டிவவர்' போலச் செயப்படுபொருளை விடாப்பிடியாகக் கேட்பவை.

'வாஸ் ஹேப்பண்ட்' என்பதற்கு நாம் காணும் காரணம் ஒன்று உண்டு. தமிழில் விபத்து 'ஏற்பட்டது', கூட்டம் 'நடைபெற்றது', வண்டி 'புறப்பட்டது'. 'படு', 'பெறு' ஆகியவை செயப்பாட்டு வினைக்கும் உரிய உறுப்புகள் ஆதலின், மாணவர் செவிக்கு இவையும் செயப்பாட்டு வினை போலவே ஒலிக்கின்றன. குன்றிய வினைக்குச் செயப்படுபொருளே இல்லை; இல்லாத ஒன்றை எழுவாயாக்கிச் செயப்பாட்டு வினை அமைப்பது எங்ஙனம்? 'ஹேப்பன்', 'அரைவ்', 'டை', 'ஸ்லீப்' முதலியவற்றின் முன் 'வாஸ்' சேர்த்து இறந்தகால எச்ச வடிவை எழுதக் கை போகும்போதெல்லாம் மாணவர் சற்றே நின்று இதனைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'ஸ்லீப்' போன்ற சில வினைகள் தம் பெயரையே செயப்படுபொருள் போல ஏற்பது உண்டு: 'ஹி ஸ்லெப்ட் எ சௌண்ட் ஸ்லீப்'. நாமும் 'ஒரு தூக்கம் தூங்கினான்' என்கிறோம். அரபியில் இதற்கு 'மஃப்ஊல் முத்லக்' என்று பெயர். மொழிகள் எங்கெங்கோ பிறந்தும் சில வழக்கங்களில் உடன்பிறந்தார் போல் இருப்பது வியப்பே.

ஒரு மெய்யெழுத்தின் வேலை

தமிழின் சிறப்பு மேலும் ஓரிடத்தில் வெளிப்படுகிறது. கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். இடையில் உள்ள 'ந்' 'த்' ஆக வன்மை பெற்றது, அவ்வளவே. எரிந்தது, எரித்தான், வளர்ந்தது, வளர்த்தான், அழிந்தது, அழித்தான். வேறு சில வினைகளில் பகுதியே மாறும்: ஓடு, ஓட்டு, மாறு, மாற்று, திரும்பு, திருப்பு, அடங்கு, அடக்கு, திருந்து, திருத்து, உருள், உருட்டு. தன்வினை, பிறவினை என நாம் இவற்றைப் பயில்கிறோம். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இவ்வன்மையாக்கத்தைக் கருத்துடன் ஆராய்ந்துள்ளார். இங்கே ஓர் எச்சரிக்கை: தன்வினை அனைத்தும் குன்றிய வினை என்று கருதிவிடலாகாது. 'உண்டான்' தன்வினை, ஆயினும் சோற்றை உண்டான் என்பதால் குன்றா வினை. 'உண்பித்தான்' அதன் பிறவினை.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் இவ்வாறு வடிவால் பிரித்துக்காட்டிய மொழியே. பழைய ஆங்கிலத்தில் தானே எரிவதற்கு 'பியோர்னன்' என்றும், ஒன்றை எரிப்பதற்கு 'பேர்னன்' என்றும் இரு சொற்கள் இருந்தன. காலப்போக்கில் ஒலிகள் மாறி, விகுதிகள் தேய்ந்து, இரண்டும் 'பர்ன்' என்னும் ஒரே சொல்லில் கலந்துவிட்டன. 'மெல்ட்' என்பதன் வரலாறும் இத்தகையதே. அதனால்தான் இன்று 'தி பேப்பர் பர்ன்ட்', 'ஹி பர்ன்ட் தி பேப்பர்' என இரண்டிற்கும் ஒரே வடிவம் வருகிறது. 'ஓப்பன்', 'பிரேக்', 'பாயில்' முதலான எண்ணற்ற வினைகள் இன்று இரு வகையிலும் வழங்குகின்றன. அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே இருவகைக் குறியீடும் கண்டு மாணவர் திகைக்க வேண்டியதில்லை. வினை வகை தொடரில்தான் தெரியும். 'ஹி ரன்ஸ்' என்றால் ஓடுகிறான். 'ஹி ரன்ஸ் எ ஸ்கூல்' என்றால் பள்ளியை நடத்துகிறான்.

பழைய பிரிவின் எச்சங்களாகச் சில இணைகள் மட்டும் எஞ்சியுள்ளன. 'ரைஸ்' எழுதல், 'ரெய்ஸ்' எழுப்புதல். 'சிட்' அமர்தல், 'செட்' அமர்த்துதல். 'ஃபால்' விழுதல், 'ஃபெல்' மரத்தை வீழ்த்துதல். 'லை' கிடத்தல், 'லே' கிடத்துதல். நாம் மெய்யை மாற்றுமிடத்து அவர்கள் உயிரை மாற்றினர். இவற்றுள் கடைசி இணை ஆங்கிலேயரையே மயக்குவது. காரணம், 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே வருகிறது: 'லை, லே, லெய்ன்' என்பது கிடத்தலுக்கு, 'லே, லெய்ட், லெய்ட்' என்பது கிடத்துதலுக்கு. 'நேற்று நோயாளி படுக்கையில் கிடந்தார்' என்பதற்கு 'லே'. 'செவிலியர் அவரைக் கிடத்தினார்' என்பதற்கு 'லெய்ட்'. கிட, கிடத்து என்னும் நம் இணையை மனத்தில் இருத்திக்கொண்டு சொல்லிப் பழகினால் இச்சிக்கல் எளிதில் அவிழும்.

தமிழிலும் வடிவம் மாறாமல் இருவகையும் ஆகும் வினைகள் சில உண்டு. கதவைத் திறந்தான், கதவு திறந்தது. புத்தகத்தை விற்கிறார், புத்தகம் நன்றாக விற்கிறது. பின்னதை ஆங்கிலத்தில் 'தி புக் செல்ஸ் வெல்' என்பர். புத்தகம் தன்னைத்தானே விற்றுக்கொள்ளுமா என்று நகைக்கத் தோன்றும். செயப்படுபொருளையே செய்தது போல வைத்துக் கூறுதலும் வழக்கில் உண்டு எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இதற்கு இடம் வகுத்துள்ளார். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை மெழுகப்பட்டது என்பதே கருத்து. மெழுகிய கை தொடரில் இல்லை.

அந்தக் கை எங்கே போயிற்று என்று கேட்கும் பழக்கம் மாணவர்க்கு இலக்கண வகுப்பிலேயே வர வேண்டும். நாளிதழைப் பிரித்தால் 'பிரைசஸ் ரோஸ்' என ஒரு தலைப்பு இருக்கும். 'தி கம்பெனி ரெய்ஸ்ட் தி பிரைசஸ்' என வேறொன்று இருக்கும். விலை உயர்ந்தது என்பதில் விலை தானே ஏறி நிற்கிறது. விலையை உயர்த்தினர் என்பதில் உயர்த்தியவர் ஒருவர் இருக்கிறார். 'விலை உயர்த்தப்பட்டது' என்பது இரண்டிற்கும் இடையில் நிற்பது. உயர்த்தியவர் உண்டு என்று ஒப்புக்கொண்டு பெயரை மட்டும் விழுங்கிவிடுகிறது. விடுதியில் குவளை உடைந்ததைக் காப்பாளரிடம் சொல்லச் செல்லும் மாணவர் 'தி கிளாஸ் புரோக்' என்பதையே தேர்ந்தெடுப்பார். 'ஹூ புரோக் இட்?' என்று காப்பாளர் குன்றா வினையில் கேட்பார்.

ஆங்கில நாளிதழ் ஒன்றின் முதற்பக்கத்தை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வினையையும் தமிழில் சொல்லி, எங்கே 'ஐ' வருகிறது, எங்கே இரு மொழியும் பிரிகின்றன என இரு நிறங்களில் குறித்துவருமாறு மாணவரைப் பணிக்கலாம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து அமர்ந்து செய்யத்தக்க பயிற்சி இது. பிரியும் இடங்களைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியவை அவை மட்டுமே.